புற்றுநோயைப் பிடிக்க வரும் நானோ: நம்பலாமா?

ஒரு சொட்டு ரத்தம் போதும், உடம்பில் எந்த மூலையில் புற்றுநோய் இருந்தாலும் பத்தே நிமிடத்தில் சொல்லிவிடும் நானோ சிப் வந்துவிட்டது! இப்படி ஒரு செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். முன்பெல்லாம் ஈமெயிலில் பார்வர்டு ஆகி வந்தது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இண்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த வீட்டில், முதல் மாதத்திலேயே இதுபோல நாலைந்தாவது வந்து சேர்ந்துவிடும். என் அலுவலகத்தில் இன்ஜினீயரிங் படித்தவர்களே இதை நம்பி அனுப்புகிறார்கள்.

சாப்ட்வேர் எழுதுபவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? இந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை என்று பார்க்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் கணக்கும், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸெலும் போதும். அந்தக் கணக்கை நாமே சேர்ந்து போட்டுப் பார்க்கப் போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோயைக் கண்டறிய நானோ தொழில்நுட்பம் உதவும் என்பது பொய் இல்லை. அதில் வேலை செய்பவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால், மிகச் சிறியதைக் கண்டுபிடிப்பது வேறு, அதனால் ஓர் உயிர் பிழைப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லும் செய்திகளைத்தான் நான் நம்புவதில்லை.

நானோ என்றால் எவ்வளவு?

ஒரு மீட்டரை நூறு கோடி துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் எண்பதாயிரம், ஒரு லட்சம் நானோமீட்டர் இருக்கும். ரத்தத்திலுள்ள சிவப்பு அணு சுமார் 7,000. டி.என்.ஏ. இழையின் அகலம் வெறும் 2.

இதெல்லாம் எங்கோ ஆராய்ச்சிக் கூடத்தில் நடக்கும் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். 2004-ல் இன்டெல் வெளியிட்ட புதிய பென்டியம் 4 பிராசசர்களை 90 நானோமீட்டர் முறையில் செய்தார்கள். இன்று 3 நானோமீட்டர் என்று விளம்பரம் செய்கிறார்கள். (அந்த 3 என்பது இப்போது அளவாக இல்லை, மாடல் பெயர் மாதிரி ஆகிவிட்டது. அது தனிக் கதை.) ஆக, புதுக் கம்ப்யூட்டர் வாங்கியவர் மேஜை மேல் நானோவை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையிலும் நானோ உண்டு. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்த பட்டையும் அதே வகைதான். அதில் தெரியும் சிவப்புக் கோடு பல கம்பெனிப் பட்டைகளில் என்ன தெரியுமா? தங்கம்! தங்கத்தைச் சில பத்து நானோமீட்டர் அளவுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்தால் மஞ்சளாகத் தெரியாது, செக்கச்செவேல் என்று தெரியும். 1857-லேயே மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அந்தத் தங்கத் துகள் மேல் ஆன்ட்டிபாடியை ஒட்டிவிடுவார்கள். ஆன்ட்டிபாடி என்பது ஒரே ஒரு பூட்டுக்குப் பொருந்தும் சாவி மாதிரி. தேடும் பொருள் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பட்டையில் ஒரு கோட்டில் போய்ச் சேரும். லட்சக்கணக்கான துகள்கள் சேர்ந்ததும் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. புற்றுநோய் நானோ ஆராய்ச்சியில் பாதி, இந்த ஒரே யோசனையின் தம்பி தங்கைகள்தான்: பிடிப்பதற்கு ஒரு சாவி, பிடித்ததைக் காட்டிக்கொடுக்க ஒரு துகள்.

3,750 கோடியில் ஐந்து

அப்படியானால் புற்றுநோய்க்கும் ஒரு பட்டை செய்துவிட வேண்டியதுதானே? சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கர்ப்பம் தரித்த பெண்ணின் உடம்பு ஒரு ஹார்மோனை ஏராளமாகச் சுரக்கிறது. சின்னப் புற்றுக்கட்டி அப்படித் தன்னை அறிவித்துக்கொள்வதில்லை.

நிஜமாகவே மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு கருவியைப் பார்ப்போம். பெயர் செல்சர்ச். 2004-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி கொடுத்தது. இரும்பு கலந்த காந்த நானோ துகள்கள் மேல் ஆன்ட்டிபாடியை ஒட்டி 7.5 மில்லி ரத்தத்தில் கலப்பார்கள். கட்டியிலிருந்து கழன்று ரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் செல்கள் மேல் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் காந்தத்தை வைத்தால் அந்த செல்கள் தனியே வந்துவிடும். அழகான யோசனை!

அந்த 7.5 மில்லி ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் மட்டும் சுமார் 3,750 கோடி இருக்கும். அதில் எத்தனை புற்றுநோய் செல் கிடைத்தால் நிலைமை மோசம் என்று வைத்திருக்கிறார்கள் தெரியுமா? மார்பகப் புற்றுநோய் உடம்பின் வேறு இடங்களுக்கும் பரவிவிட்ட பெண்களுக்கே அந்த எண் 5. பரவிய நோயிலேயே ஐந்து என்றால், இப்போதுதான் முளைக்கும் கட்டியில் எத்தனை இருக்கும்? பல நேரம் அந்தக் குழாயில் ஒன்றுகூட இருக்காது. அதனால் செல்சர்ச், நோய் இருப்பது தெரிந்தவர்களுக்கு அது எப்படிப் போகும் என்று சொல்லும் கருவியாகவே நின்றது. முன்கூட்டிக் கண்டறியும் கருவியாக அது ஆகவில்லை.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். ஒரு சுற்று கீமோதெரபிக்குப் பிறகும் இந்த எண்ணிக்கை குறையாத பெண்களுக்கு மருந்தை உடனே மாற்றிக் கொடுத்தால் கூடுதல் நாள் வாழ்வார்களா என்று அமெரிக்காவில் சோதித்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. வாழவில்லை. கருவி சரியாகத்தான் எண்ணியது. எண்ணித் தெரிந்துகொண்டதை வைத்துச் செய்வதற்குத்தான் கையில் நல்ல மருந்து இல்லை.

கட்டி தானாக சிக்னல் கொடுக்கும் வரை ஏன் காத்திருக்க வேண்டும், நாமே அதைக் கொடுக்க வைக்கலாமே என்று யோசித்தவர் எம்.ஐ.டி.யில் இருக்கும் சங்கீதா பாட்டியா. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இவருடையது. புற்றுக்கட்டி சுற்றியுள்ள திசுவை அரித்துக்கொண்டு வளர சில என்சைம்களைச் சுரக்கிறது. இவர் குழு ஒரு நானோ துகள் மேல் அந்த என்சைம் வெட்டக்கூடிய சிறு இழைகளை ஒட்டி ஊசி வழியே செலுத்தியது. துகள் கட்டிக்குள் போனதும் என்சைம் இழைகளை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் மிகச் சிறியவை என்பதால் சிறுநீரகம் வழியாக வெளியேறும். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தால் கோடு தெரியும். ஒரே என்சைம் அடுத்தடுத்து எத்தனையோ இழைகளை வெட்டும் என்பதால் சிக்னல் பல மடங்காகிறது. ஸ்பீக்கருக்கு முன்னால் ஆம்ப்ளிஃபயர் வைப்பது போல! 2014-ல் இது வேலை செய்கிறது என்று காட்டினார்கள். எலிகளில்.

அந்த 'எலிகளில்' என்ற சொல் பார்வர்டு மெசேஜில் காணாமல் போய்விடுகிறது. அதே 2014 அக்டோபரில் கூகுளும் ஓர் அறிவிப்பு செய்தது. நானோ துகள்கள் அடங்கிய மாத்திரையை விழுங்கினால் அவை ரத்தத்தில் சுற்றி நோயைத் தேடும், கையில் கட்டும் பட்டியிலுள்ள காந்தம் அவற்றை இழுத்துச் செய்தி படிக்கும் என்றார்கள். அப்போது நான் காலேஜ் போக ஆரம்பிக்கும் வயசு. அடுத்த வருடமே கடைக்கு வந்துவிடும் போல எழுதினார்கள். இன்று வரை அப்படி ஒரு மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் இல்லை. அதற்கும் முன்பு, 2003-ல், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் தலைவரே 2015-க்குள் புற்றுநோயால் வரும் துன்பத்தையும் மரணத்தையும் ஒழிப்போம் என்று இலக்கு வைத்தார். 2004-ல் நானோவுக்கென்றே 14 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கி ஐந்தாண்டுத் திட்டமும் போட்டார்கள். 2015 வந்து போனது.

எக்ஸெலைத் திறங்கள்

எக்ஸெல் இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். ஒரு கட்டத்தில் 1,00,000 என்று டைப் செய்யுங்கள். இது பரிசோதனைக்கு வரும் ஆட்கள். அடுத்த கட்டத்தில் 100. இது அவர்களில் நிஜமாகவே அந்தப் புற்றுநோய் இருப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் நானோ சிப் பிரமாதமானது, 100 நோயாளிகளில் 99 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாத 100 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் தப்பாக 'இருக்கிறது' என்று சொல்லும். விளம்பரத்தில் '99 சதவீதம் துல்லியம்' என்று போடுவார்கள்.

இப்போது கணக்கு. நோயாளிகளில் பிடிபடுபவர்கள் 99. நோய் இல்லாதவர்கள் 99,900 பேர், அதில் ஒரு சதவீதம் 999 பேர். மொத்தம் 1,098 பேர் கையில் 'புற்றுநோய் இருக்கலாம்' என்ற தாள் இருக்கிறது. அவர்களில் நிஜ நோயாளிகள் 99. அதாவது நூற்றுக்கு ஒன்பது! மீதி 91 பேர் வீட்டில் காரணமே இல்லாமல் அழுகைச் சத்தம்.

இனி எண்களை மாற்றி விளையாடுங்கள். பிடிக்கும் திறனை 99-லிருந்து 100 ஆக்குங்கள். பிடிபடுபவர் 100, தப்பான எச்சரிக்கை அதே 999. ஒன்றும் மாறவில்லை. அதாவது துகளை இன்னும் கூர்மையாக்குவதால் மட்டும் பிரச்னை தீராது. தப்பான எச்சரிக்கையை 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆக்குங்கள். இப்போது 99-க்கு 100, கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. அல்லது, எல்லோரையும் கூப்பிடாமல் நோய் வர அதிக வாய்ப்புள்ளவர்களை மட்டும் கூப்பிடுங்கள். லட்சம் பேரில் 1,000 பேருக்கு நோய் இருக்கட்டும். 990-க்கு 990, சரிபாதி. சிப்பில் கை வைக்காமலே முன்னேற்றம்! அமெரிக்காவில் நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கும் திட்டம் பல வருடம் கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்கு மட்டும் என்று இருப்பது இதனால்தான். 2011-ல் வெளியான பெரிய ஆய்வில் அப்படிச் செய்து நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது.

இது வெறும் பேப்பர் கணக்கு என்று நினைக்க வேண்டாம். காலெரி என்று ஒரு ரத்தப் பரிசோதனை அமெரிக்காவில் விற்பனையில் இருக்கிறது. இது நானோ துகள் வழி இல்லை. ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துண்டுகளைப் படிக்கும் முறை. 2023-ல் வெளியான ஆய்வில் 50 வயதைத் தாண்டிய 6,621 பேருக்குச் செய்து பார்த்தார்கள். 92 பேருக்கு 'சிக்னல் இருக்கிறது' என்று வந்தது. 35 பேருக்குத்தான் புற்றுநோய். அந்த ஒரு வருடத்தில் மொத்தம் 121 பேருக்குப் புற்றுநோய் தெரியவந்தது, ஆகவே 86 பேரை அது தவறவிட்டிருக்கிறது. தப்பான எச்சரிக்கை நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவான பரிசோதனைக்கே இந்த நிலை.

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது புரியாமல் இருக்காது. 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்ட்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த சிஸ்டம் பைல் ஒன்றையே வைரஸ் என்று முடிவு கட்டியது. உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. வைரஸ் செய்யாத சேதத்தை வைரஸ் பிடிப்பான் செய்தது. கம்ப்யூட்டர் என்றால் மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம்.

பெரியப்பாவின் தாள்

எங்கள் பெரியப்பாவுக்கு 61 வயது. ஆள் திடகாத்திரம். பண்டிகைச் சலுகை என்று ஒரு லேப் போட்ட முழு உடம்புப் பரிசோதனைக்குப் போனார். அதில் 'ட்யூமர் மார்க்கர்' இலவசம். டாக்டர் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அறிகுறியும் இல்லை. பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் எண் கொஞ்சம் கூடுதல் என்று சிவப்பு எழுத்தில் பிரிண்ட் ஆகி வந்தது. வயதானால் புராஸ்டேட் வீங்குவதாலேயே அது கூடும் என்று தாளில் எங்கும் இல்லை. பிறகு எம்.ஆர்.ஐ., ஊசி குத்தித் திசு எடுத்தது, அதனால் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நாலு நாள். இரண்டு மாதம் பெரியம்மா சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒன்றுமில்லை. அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். சிவப்பு எழுத்தில் ஓர் எண் வந்துவிட்ட பிறகு அதைப் பார்க்காத மாதிரி இருக்க யாராலும் முடியாது. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு 2012-ல் இந்தப் பரிசோதனையை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றது. 2018-ல் அதைத் திருத்தி, 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரிடம் பேசி அவரவரே முடிவு செய்யட்டும் என்றது. இலவசமாகக் கொடுக்கும் பொருள் அல்ல அது.

தப்பான எச்சரிக்கையைவிட நுட்பமான இன்னொரு பிரச்னை உண்டு. எச்சரிக்கை சரியாகவே இருக்கும், நோயும் இருக்கும், ஆனால் கண்டுபிடித்ததால் பலன் இருக்காது. தென் கொரியாவில் கழுத்துக்கு ஸ்கேன் எடுப்பது பரவலாகி, 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993-ஐப்போல் 15 மடங்கானது. தைராய்டு புற்றுநோயால் இறந்தவர்கள் விகிதம்? அப்படியே இருந்தது. கொரிய, அமெரிக்க ஆய்வாளர்கள் 2014-ல் இதை எழுதினார்கள். ஆயுள் முழுக்கத் தொந்தரவே செய்யாத சின்னச் சின்னக் கட்டிகளையெல்லாம் தேடிப்பிடித்திருக்கிறார்கள். தைராய்டை எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதன் பிறகு தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

பிரிட்டனில் 2001-ல் ஆரம்பித்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சினைப்பைப் புற்றுநோய்க்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனை செய்த குழுவில் முற்றாத நிலையிலேயே நோய் அதிகம் பிடிபட்டது. எல்லோரும் எதிர்பார்த்தது அதைத்தானே? ஆனால் 2021-ல் இறுதி முடிவு வந்தபோது மரணம் குறைந்திருக்கவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைத்துவிடலாம் என்பது சில புற்றுநோய்களுக்குப் பெரிய உண்மை, சிலவற்றுக்கு இன்னும் நிரூபிக்கப்படாத நம்பிக்கை. எந்தப் புற்றுநோய் என்று கேட்காமல் பேசவே கூடாது.

திண்டுக்கல்லில் ஒரு வினிகர்

பெரிய உண்மையாக இருப்பது கருப்பை வாய்ப் புற்றுநோய். அதற்கு நம் ஊரிலேயே ஆதாரம் இருக்கிறது. 2000-ல் தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. கருவி? வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம், தண்ணீர் கலந்தது. அதைக் கருப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், கோளாறு உள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆரம்ப நிலை என்றால் உறைய வைக்கும் சிகிச்சையும் உண்டு. 2007-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது: நோய் 25 சதவீதம், மரணம் 35 சதவீதம் குறைவு. நானோ எதுவும் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய வினிகர் ஆய்விலும் மரணம் 31 சதவீதம் குறைந்ததாக 2013-ல் அறிவித்தார்கள்.

வினிகரே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் வினிகரால் குறிப்பிடும்படி பலன் கிடைக்கவில்லை. அங்கே நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்ததில் மரணம் ஏறக்குறைய பாதியானது. அது 2009. உலக சுகாதார நிறுவனமும் 2021-ல் இந்த டி.என்.ஏ. பரிசோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறது. அதற்கு மெஷின் வேண்டும், லேப் வேண்டும், ரிசல்ட் வரும்போது அந்தப் பெண்ணை மறுபடி தேடிப் பிடிக்க வேண்டும். வேலைக்குப் போகும் கிராமத்துப் பெண் இரண்டாவது தடவை வருவது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும்.

நானோ ஆட்களுக்கு என்னிடம் பணம் இருந்தால் இந்த வேலைக்குத்தான் கொடுப்பேன். தேட வேண்டிய பொருள் எது என்று தெரியும். கண்டுபிடித்தால் என்ன செய்வது என்றும் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் அரை மணி நேரத்தில், மெஷின் இல்லாமல், அந்தப் பெண் எழுந்து போவதற்குள் படித்துச் சொல்லும் மலிவான ஒரு பட்டைதான் குறை. எல்லாப் புற்றுநோயையும் பிடிக்கும் மாத்திரையைவிடச் சின்ன ஆசை. பத்திரிகையில் முதல் பக்கத்தில் வராது.

அதுவரை அடுத்த நானோ செய்தி வந்தால், அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். எலிக்குச் செய்தார்களா, ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்குச் செய்தார்களா, நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தார்களா என்று மட்டும் கேளுங்கள். தப்பான எச்சரிக்கை எவ்வளவு என்று போட்டிருந்தால், சேவ் செய்து வைத்த ஷீட்டில் அந்த எண்ணை டைப் செய்து பாருங்கள். அப்படியே, வீட்டில் 30 வயது தாண்டிய பெண்கள் இருந்தால் கருப்பை வாய்ப் பரிசோதனை எந்தக் கிழமை செய்கிறார்கள் என்று அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்து வையுங்கள்.